இடப்பக்கத்து ஹப்

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவோம், செத்தவர்களுக்காகச் சொல்ல வேண்டிய ஜெபத்தைச் சொல்வோம், அவர்களை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுவோம். கல்லறைத் தோட்டத்து வழியாக எத்தனையோ தடவை தனியாக வந்திருக்கிறேன், ஒரு நாள்கூட எதையும் பார்த்ததில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், கீழே எழுதுவதைப் படித்துவிட்டு இவன் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எட்டாவது வரைதான் படிப்பு. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிப் பக்கம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிந்தால் ஊருக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும், அப்போது மாட்டு வண்டிகூடத் தயங்கும். என் அக்கா ரோசியின் வீட்டுக்காரர் மரியதாஸ் குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். எழுபதுகளின் ஆரம்பத்தில் அவர் ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட ஒரு பழைய ஜீப்பை எடுத்துவந்தார். யுத்த காலத்து வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அதை நானும் அவரும் சேர்ந்து ஓட்டினோம், தண்ணீர் ஓடுகிற நாளில் ஊருக்கு அது ஒன்றுதான் வழி.

வண்டி வந்தபோது எஞ்சினும் நாலு சக்கரமும் தவிர அதில் எதுவுமில்லை. கூரைத் துணி, பக்கத் திரை, பின்னால் உட்காரப் பலகை, ஹாரன், மழைக்கு வைப்பர் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தோம். அந்தக் காலத்து வண்டிக்கு இந்தச் சாமான் எல்லாம் எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காது, மெட்ராஸ் புதுப்பேட்டையில் துருப்பிடித்த குவியல்களுக்குள் கை விட்டுத்தான் தேட வேண்டும். எல்லாவற்றையும்விட எங்களை அலைய வைத்தது ஹப்.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு மூடி மாட்டுவார்கள், அதில் ஒரு குமிழ் இருக்கும். குமிழைத் திறந்து வைத்தால் முன்சக்கரம் சும்மா உருளும், பெட்ரோல் மிச்சமாகும். சேற்றிலோ தண்ணீரிலோ இறங்கும்போது கீழே இறங்கி இரண்டு குமிழையும் திருகிப் பூட்டினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இரண்டையும் பூட்ட வேண்டும். ஒன்றை மட்டும் பூட்டினால் பூட்டிய பக்கமும் இழுக்காது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பேட்டையில் ஒரு பாய் கடையில் முதல் ஹப் கிடைத்தது.

"ஒண்ணுதான் கீது. ஜோடி இல்ல" என்றார் பாய்.

"ஒத்தய வெச்சினு இன்னா பாய் பண்றது?" என்றார் மாமா.

"ஊறுகா போடு. நீ எடுத்துகினு போலன்னா வேற எவன் இத்த கேக்கப் போறான்? பத்து வருசமா இங்க தூங்கினு கீது."

மாமா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எட்டு மாதம் கழித்து அடுத்த சந்தில் இன்னொன்று கிடைத்தது, வேறு கம்பெனி செய்தது. பல்லும் போல்ட் துளையும் சரியாகச் சேர்ந்தன, ஆனால் முதல் ஹப் வலது பக்கமாகத் திருகினால் பூட்டும், இது இடது பக்கமாகத் திருகினால்தான் பூட்டும். மாமா அதை நான் உட்காருகிற வலப்பக்கத்துச் சக்கரத்தில் மாட்டினார்.

"உனக்குப் பொருத்தமாத்தான் மச்சான் கெடச்சிருக்குது. ஊர்ல எல்லாம் ஒரு பக்கம் சுத்தனா இது எதுக்கால சுத்துது."

குழப்பம் வரக் கூடாது என்று அரத்தால் இரண்டிலும் அடையாளம் போட்டார். பூட்டுகிற இடத்தில் அவருடையதில் ஒரு சிலுவை, என்னுடையதில் ஒரு கோடு. இடப்பக்கம் அவர் பூட்டுவார், வலப்பக்கம் நான் பூட்டுவேன். ஒருவர் பக்கம் மற்றவர் போவதில்லை. பூட்டும்போது உள்ளே பல் டக்கென்று விழும், விழுந்ததும் அவர் கட்டை விரலால் குமிழ் மேல் இருக்கும் சேற்றைத் துடைத்துவிட்டு, "வுழுந்துச்சா?" என்று கேட்பார். நான் "வுழுந்துச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வண்டியில் ஏறுவார். மூன்று மழைக்காலம் இப்படியே ஓட்டினோம், ஒரு தடவைகூட நடுத் தண்ணீரில் நின்றதில்லை.

நாலாவது மழையில் மாமா அந்தத் தரைப்பாலத்தில் செத்துப்போனார். அக்கரைக் கோயிலில் ஒரு கல்யாணம், நாங்கள் சமையல் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போனோம். நடுவில் வண்டி நின்றுவிட்டது, பின்சக்கரம் மட்டும் சுற்றியது. மாமா இறங்கிப் பார்த்தார், தண்ணீர் தள்ளியதில் வண்டி அவர் மேல் சரிந்தது. மறுநாள் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் டிராக்டர் வைத்து வண்டியை இழுத்தோம். குவாரி மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "வலப்பக்கம் பூட்டிக்கீது. டைவர் பக்கம் தொறந்து கெடக்குது. மறந்துட்டாரு மனுசன்" என்றார். ஊர் அதைத்தான் நம்பியது. துக்கத்துக்கு வந்தவர்கள் அக்கா காதில் விழும்படியே அதைச் சொன்னார்கள். அக்கா ஒரே ஒரு தடவை, "அவரு மறக்கற ஆளு இல்ல" என்றாள். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

அன்று நடந்ததில் ஒரு பங்கை இங்கே விட்டிருக்கிறேன். பின்னால் சொல்கிறேன்.

வண்டியை விற்றுவிடலாம் என்றேன், அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வாள், நான்தான் ஓட்டினேன். ஆனால் தண்ணீரில் இறக்க மாட்டேன், ஏரி வழிந்தால் சாக்குச் சொல்லிவிடுவேன். இரண்டு ஹப்பும் திறந்தே கிடந்தன. இன்னொன்று, மாமா போனதிலிருந்து நான் இடப்பக்கம் இறங்குவதே இல்லை. ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருந்தாலும், பழையபடி வலப்பக்கமே ஏறி நகர்ந்து போய் உட்காருவேன், இறங்குவதும் அப்படியே. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, ஐப்பசியில் ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். மழை விட்டு வெளிச்சமாகத்தான் இருந்தது. பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு கிழவி வீட்டு வாசலில் வந்து நின்றாள், மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள், ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். கிழவி வெளியூர்க்காரி, பென்னலூரிலிருந்து மகன் வீட்டுக்குப் பிரசவம் பார்க்க வந்து நாலு நாள்தான் ஆகிறது. மாமாவை அவள் பார்த்ததில்லை. அவர் எப்படிச் செத்தார் என்பதும் அவளுக்குத் தெரியாது. இதையும் நினைவில் வையுங்கள்.

"தண்ணி ஓடுது பாட்டி" என்றேன்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "வண்டி எதுக்குடா சேவி வெச்சினு கீறோம்? எடு" என்றாள்.

எடுத்தேன். அந்தப் பெண்ணைப் பின்னால் பாய் விரித்துப் படுக்க வைத்து, கிழவி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் இடது ஓரமாக உட்கார்ந்தாள். தரைப்பாலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், வலப்பக்கம் ஏரியிலிருந்து வந்து இடப்பக்கம் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் கத்திய கத்தலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வலப்பக்கம் நகர்ந்து இறங்கினேன், என் சக்கரத்துக்கு முன்னால் குந்தினேன், இடுக்கியைப் போட்டுக் குமிழை இடது பக்கமாகத் திருகினேன். டக்கென்று விழுந்தது. யாரும் கேட்காமலே, பழைய பழக்கத்தில், "வுழுந்துச்சு" என்று கத்தினேன். அதே பக்கம் ஏறி நகர்ந்து உட்கார்ந்து வண்டியை இறக்கிவிட்டேன்.

இடப்பக்கத்து ஹப் ஞாபகமே வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை, அது என் வேலையாக எப்போதும் இருந்ததில்லை, என் கை அதைத் தேடிப் போகவில்லை. பாதித் தண்ணீரில், மாமா வண்டி நின்ற அதே இடத்தில்தான் ஞாபகம் வந்தது. ஒன்றை மட்டும் பூட்டியிருக்கிறேன், இரண்டும் இழுக்காது. நிறுத்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஆனால் முன்சக்கரம் இழுத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் தெரிந்தது, பூட்டிய ஜீப் ஓட்டியவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அக்கரை ஏறியது.

ஏறியதும் கிழவி என் தோளைத் தட்டினாள்.

"இன்னாபா நீ, அந்த ஆள வுட்டுட்டு வந்துட்டியே."

"எந்த ஆளு?"

"அதான், இந்தப் பக்கம் சக்கரத்தாண்ட குந்திகினு திருகிகினு இருந்தாரே. நீ அந்தப் பக்கம் திருகறப்போ. தலயெல்லாம் ஈரம். ஏறிக்குவாருன்னு நான் கொஞ்சம் ஒதுங்கிக்கூட குந்தனேன். நீ பாட்டுக்கு எடுத்துட்ட."

நான் திரும்பிப் பார்த்தேன். பாலத்தில் தண்ணீர் மட்டும்தான் ஓடியது.

"யாரும் வரல பாட்டி, நான் மட்டுந்தான்" என்றேன்.

"கெழவின்னா கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா? அவரு உன்ன 'வுழுந்துச்சா'ன்னு கேட்டாரு. நீகூட 'வுழுந்துச்சு'ன்னு கத்துனியே."

மாமா போன பிறகு முதல் தடவையாக இடப்பக்கம் இறங்கினேன். குமிழ் சிலுவைக்கு நேராகப் பூட்டியிருந்தது. சக்கரம் முழுக்கச் சேறு, குமிழ் மேல் மட்டும் கட்டை விரல் அகலத்துக்குத் துடைத்திருந்தது. தொட்டுப் பார்க்கக் கை போனது, பின்னாலிருந்து கிழவி, "சக்கரத்த அப்பால கொஞ்சிக்கோ, இவ உயிரு போவுது" என்று சத்தம் போட்டாள். ஓட்டினேன். பிரசவம் நல்லபடியாக ஆனது, பெண் குழந்தை.

இப்போது நான் விட்டதைச் சொல்கிறேன்.

மாமா செத்த அன்று கரையில் கல்யாணத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அடுத்த நடைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருத்தியை எனக்குக் கேட்டிருந்தார்கள். நான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன், சக்கரத்துக்கு முன்னால் குந்தியதும் வேட்டி சேற்றில் புரண்டது, ஒருத்தி, "மாப்ள சக்கரத்துக்குச் சாவி குடுக்கறாருடி" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். குமிழ் இறுகிக் கிடந்தது. கையால் திரும்பவில்லை. இடுக்கி மாமா பக்கத்துப் பெட்டியில் இருந்தது. வாங்க வேண்டுமென்றால் அந்தப் பெண்கள் முன்னால் மாமாவைக் கூப்பிட்டு, என்னால் திருக முடியவில்லை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கமிருந்து அவர், "வுழுந்துச்சா மச்சான்?" என்றார். நான் கையைத் தூக்கி "ம்" என்றேன்.

அவ்வளவுதான். "ம்."

"பொண்ணுங்களப் பாத்ததும் வாய் ஒட்டிகிச்சா?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். என்றைக்கும் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறவர், அன்று என்னைக் கூச்சப்படுத்த வேண்டாம் என்று "ம்"மை ஏற்றுக்கொண்டார். நடுவில் வண்டி நின்றபோது எனக்குக் காரணம் தெரியும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர், "எம் பக்கந்தான் சரியா வுழல போலகீது, இரு பாக்கறேன்" என்று இறங்கினார். என் பக்கம் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் தன் பக்கத்தைப் பார்க்க இறங்கினார், பள்ளத்துப் பக்கம். கரையில் அந்தப் பெண்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் டிராக்டருக்குக் கயிறு கட்ட முதலில் தண்ணீரில் இறங்கியவன் நான். மற்றவர்கள் வருவதற்குள் அவருடைய குமிழைத் திறந்தேன். அது சுலபமாகத் திரும்பியது. என்னுடையதை இடுக்கி போட்டுப் பூட்டினேன். மெக்கானிக் பார்த்தது அதைத்தான். மறதிக்காரன் என்று ஊர் சொன்ன அந்த மனிதர் எதையும் மறக்கவில்லை.

கிழவி ஒரு வாரம் கழித்து வாழைப்பழம் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஈரத்தலை ஆளை நான் நடுவழியில் விட்டுவிட்டு வந்ததை ஒரு குறையாகவே சொன்னாள். அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு, "எந்தப் பக்கம் குந்திகினு இருந்தாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"டைவர் பக்கம்மா."

சாயங்காலம் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சேவி, அன்னிக்கும் அவரு கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தேன். பிள்ளைகள் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "ம்" என்றுதான் வந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எழுந்தாள். "மோர் ஊத்திக்கிறீங்களா?" என்றாள். என்னைத் தூக்கி வளர்த்தவள், எனக்கு ஒன்பது வயது மூத்தவள். அன்றிலிருந்து என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசுகிறாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட சேவி என்று கூப்பிட்டதில்லை. வெளியில் பார்க்கிறவர்கள், தம்பிக்கு எவ்வளவு மரியாதை தருகிறாள் என்கிறார்கள்.

வண்டி பிறகு எஞ்சின் போய்ப் பழைய இரும்புக்குப் போனது. இரண்டு ஹப்பையும் கழற்றி வைத்துக்கொண்டேன், சமையலறைக்குள் ஜன்னல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன். சிலுவை போட்டது எப்போது பார்த்தாலும் பூட்டியிருக்கும். கோடு போட்டது எப்போதும் திறந்திருக்கும். அன்று தண்ணீருக்குள் நான் கை வைப்பதற்கு முன்னால் எப்படி இருந்தனவோ அப்படி. மாற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். வந்து பார்த்தால் பழையபடியே இருக்கும்.

அக்கா செய்கிறாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவளாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன், அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தால் நான் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் வீட்டோடு போய்விட்டாள். போகும்போது, "ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். இப்போது வீட்டில் நான் மட்டும்தான், கதவைப் பூட்டிச் சாவியை நான்தான் எடுத்துப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமைகூட, பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கோடு போட்டதை இடுக்கியால் திருகிப் பூட்டினேன். யாரும் இல்லாத வீட்டில், "வுழுந்துச்சு" என்று சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன். பத்து மணிக்குத் திரும்பி வந்தேன். திறந்திருந்தது. மழை பெய்து ஒரு மாதமாகிறது, மேடையில் தூசிதான் இருந்தது, குமிழ் மேல் மட்டும் கட்டை விரல் அகலத்துக்குத் துடைத்திருந்தது, துடைத்த இடம் ஈரமாக இருந்தது.